ஏ.சி 20-ஆ, 24-ஆ? 500 யூனிட்டைத் தாண்டினால் ஈபி பில் ஏன் எகிறுது?

கோடையில் அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி பக்கம் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி ரூமுக்குள்ள இறக்கும். உள்ளே வந்ததும் பலரும் ரிமோட்டில் 16-ஐத் தட்டுறாங்க. சீக்கிரம் குளிரணுமாம்!

ஆனா அது ஆக்ஸிலரேட்டர் இல்லை. எங்கே போய் நிற்கணும்னு சொல்ற அளவு, அவ்வளவுதான். சாதாரண ஏ.சி-யில் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 வைத்தாலும் 24 வைத்தாலும், அறை 24-க்கு இறங்க ஆகும் நேரம் ஒன்றுதான். 16 வைத்தால் அதற்குப் பிறகும் ஓடிக்கிட்டே இருக்கும். சூடான தளத்துக்குக் கீழே 16-ஐத் தொடாமலேயே விடிந்துவிடலாம். இன்வெர்ட்டர் ஏ.சி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனா வைத்த அளவை நெருங்கினால்தான்.

ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6% மின்சாரம் மிச்சம் என்கிறது, ஸ்டார் லேபிள் கொடுக்கும் மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம். 6% சின்னதாத் தெரியலாம். தமிழ்நாட்டு பில்லில் அது சின்னது இல்லை.

ஒரு கணக்கு போடுவோம். 20 டிகிரியில் மணிக்கு 1 யூனிட், தினமும் 8 மணி நேரம், 60 நாள் என்றால் 480 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ், லைட்டுக்கு 120. மொத்தம் 600. 2024 ஜூலை கட்டணப்படி பில் 2,880 ரூபாய். 24-க்கு ஏற்றினால் ஏ.சி-யின் பங்கு 375 ஆகும். மொத்தம் 495 யூனிட், பில் சுமார் 1,774 ரூபாய். 105 யூனிட் குறைந்ததற்கு 1,100 ரூபாய் மிச்சம்!

காரணம், 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு 8.40 ரூபாய். அதோடு 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் 2.35-லிருந்து 4.70 ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இந்த 235 ரூபாய் சேரும்.

2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் ஏ.சி-கள் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்கணும். குறைக்கத் தடை இல்லை. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர், 20-க்குக் கீழே போக முடியாதபடி புதிய விதி வரும் என்றார். அரசுக்கு ஏன் இந்த அக்கறை? பந்தல்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கு. பொழுது சாய்ந்தால் அது ஓய்ந்துவிடும், வீட்டு ஏ.சி-கள் ஓட ஆரம்பிப்பதே அப்போதுதான்.

இந்தக் கரிசல் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. சென்னை மாதிரி பிசுபிசுப்பு இல்லாத வறண்ட காற்று. 26 வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் வியர்வை சட்டென்று காயும். இன்னைக்கு ராத்திரியே முயற்சி பண்ணலாம்.