ஆட்டோமேட்டிக் கார் குலுங்கினால் குற்றம் ஓட்டுநருடையது மட்டுமா?

நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் ஓய்ந்துபோனவர்கள்தான் இன்று ஆட்டோமேட்டிக் கார் தேடி ஷோரூமுக்குப் போகிறார்கள். கிண்டியில் கிளம்பி தாம்பரம் போய்ச் சேருவதற்குள் ஒன்றுக்கும் இரண்டுக்குமாக எத்தனை முறை கியர் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அலுப்பு தீரும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வண்டி, கியர் மாறும்போதெல்லாம் உதறுகிறது. பின்சீட்டில் இருப்பவர்களின் தலை முன்னே போய்ப் பின்னே வருகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். ‘இந்த வண்டி அப்படித்தான் சார் இருக்கும்’ என்பார்கள், அல்லது ‘நீங்க ஓட்டுற விதம் சார்’ என்பார்கள். இரண்டிலும் அரை உண்மை இருக்கிறது. அந்த அரை உண்மையைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஆட்டோமேட்டிக் கியர் மென்மையாக மாறுவது பெருமளவுக்கு ஓட்டுகிறவரின் வலது காலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் பொறுத்தது. இவ்விரண்டு பற்றியும் தயாரிப்பாளருக்கு எல்லாம் தெரியும். வாங்குகிறவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

நம் ஊரில் அதிகம் திட்டு வாங்குவது ஏஎம்டி. 2014-இல் மாருதி சுசுகியின் செலெரியோ வழியாக இது சாமானியக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் வந்தது. உள்ளே இருப்பது வழக்கமான மேனுவல் கியர்பாக்ஸும் ஒற்றைக் கிளட்ச்சும்தான். கிளட்ச்சை அழுத்துவதையும் கியர் போடுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சிறு இயந்திரம் கணினியின் உத்தரவுப்படி செய்கிறது. விலை குறைவாக இருப்பதும் மைலேஜ் பெரிதாக அடிபடாமல் இருப்பதும் இதனால்தான். குலுக்கலும் இதனால்தான். ஒரு கியரை விட்டு அடுத்ததற்குப் போகக் கிளட்ச் விலகியாக வேண்டும். விலகியிருக்கும் அந்தக் கண நேரத்தில் இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகாது. மேனுவல் வண்டியில் அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம். கால் தானாகவே அதைப் பழகியிருக்கிறது. ஏஎம்டியில் இடது காலுக்கு வேலை போனதும் வலது கால் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறது, மிதித்தது மிதித்தபடியே இருக்கிறது. நன்றாக வேகமெடுத்துக்கொண்டிருந்த வண்டி திடீரென இழுவை இழக்கும்போது உடல் முன்னே சாய்கிறது. கிளட்ச் மறுபடி பிடித்ததும் பின்னே தள்ளுகிறது. இதற்கு மருந்து எளிது. ஆக்சிலரேட்டரைச் சீராக, மெல்ல அழுத்த வேண்டும். இன்ஜின் சத்தம் ஏறி, இரண்டாவது கியர் விழப்போகிறது என்று காது சொல்லும்போது காலை ஒரு நூல் தளர்த்தி, மாறியதும் மறுபடி அழுத்த வேண்டும். இப்படி ஓட்டப் பழகினால் கொஞ்ச நாளில் அது இயல்பாகிவிடும். பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் கியர் மாறுவது அநேகமாகத் தெரியாது.

மேம்பாலச் சரிவில் வண்டிகள் நிற்கும்போது நடப்பதை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். வண்டி பின்னால் உருளாமலிருக்கப் பலர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே பிடித்து நிற்கிறார்கள். இன்ஜினின் சக்தியை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டி இதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். ஏஎம்டியில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே நிற்கும். சில நிமிடங்களில் கருகல் வாசனை எழும், கருவிப் பலகையில் எச்சரிக்கை விளக்கும் எரியலாம். இப்படித் தேய்ந்த கிளட்ச், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. கணினி பழைய இடத்தையே மனதில் வைத்திருப்பதால் ஒவ்வொரு மாற்றமும் முரட்டுத்தனமாகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுத்தாலே பல வண்டிகள் பழைய மென்மைக்குத் திரும்பும். இப்படி ஒரு வேலை இருப்பதே வண்டிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. கேட்காதவர்களுக்கு யாரும் செய்து தருவதும் இல்லை.

மற்ற வகைகளின் குணம் வேறு. இரட்டைக் கிளட்ச் உள்ள டிசிடி நெடுஞ்சாலையில் அருமையாக மாறும், ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் சூடாகும். முன்னே கொஞ்சம் இடம் விட்டு, இடம் சேர்ந்த பிறகு நகர்ந்தால் அதற்கு நல்லது. சிவிடியில் மாறுவதற்குக் கியரே கிடையாது. அது குலுங்கினால் ஆயிலையோ உள்ளிருக்கும் பெல்ட்டையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கென்று தனி ஆயில் உண்டு. சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கியர்பாக்ஸே போய்விடும். டார்க் கன்வர்ட்டர் வகையில் சரிவில் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு அடி விழுவதைப் பலரும் பழுது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் ‘பி’யில் (பார்க்கிங்) மட்டும் விட்டால் வண்டியின் மொத்த எடையும் உள்ளே ஒரு சிறு கொக்கியில் தொங்குகிறது. அது விடுபடும் சத்தம்தான் அது. பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பிறகு ‘பி’க்குப் போனால் அந்த அடி இருக்காது.

இனி ஆயில். டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸில் ஆயில் வெறும் மசகு எண்ணெய் அல்ல. இன்ஜினின் சக்தியை அதுவே கடத்துகிறது. உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அதன் அழுத்தமே சேர்க்கிறது, பிரிக்கிறது. சூட்டையும் அதுவே சுமந்து வெளியேற்றுகிறது. தட்டுகள் ஒன்றோடொன்று வெடுக்கென்று கவ்வாமல் வழுக்கியபடி சேர்வதற்கென்றே அதில் சில வேதிப்பொருள்களைக் கலந்திருக்கிறார்கள். கியர் மாற்றத்தின் மென்மை என்று நாம் அனுபவிப்பதில் பெரும் பங்கு அந்தக் கலவைக்கு உண்டு. சூடு ஏற ஏற அது கெடுகிறது. புதிதாக ஊற்றும்போது பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருக்கும் ஆயில், பல வருஷம் கழித்து வடிக்கும்போது கறுத்துக் கருகல் வாடை அடிக்கும். அடித்தட்டில் உள்ள காந்தத்தைத் துடைத்தால் சாம்பல் நிறத்தில் உலோகப் பசை ஒட்டும். இந்த ஆயிலை வைத்துக்கொண்டு மென்மையை எதிர்பார்க்க முடியாது.

இருந்தும், இந்த ஆயிலை வண்டியின் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவரே மாற்றச் சொல்லும்போது விற்பவர் வேண்டாம் என்றால் நாம் யாரை நம்புவது? இதைவிட முக்கியமான ஒன்று பல கார்களின் கையேட்டுக் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. ‘கடினமான சூழலில்’ ஓடும் வண்டிகளுக்கென்று தனி சர்வீஸ் அட்டவணை அங்கே உண்டு. அடிக்கடி நின்று நின்று ஓடுவது, கடும் வெப்பம், தூசி, மலைப்பாதை, குறைந்த தூரப் பயணங்கள் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். படித்துப் பார்த்தால் மே மாதத்துச் சென்னையைத்தான் வர்ணித்திருக்கிறார்களோ என்று தோன்றும். அவர்களுக்கு விதிவிலக்காக இருப்பது நமக்கு அன்றாடம். ஆனால் நம் வண்டிகளுக்கு சர்வீஸ் செய்வது சாதாரண அட்டவணைப்படிதான்.

‘ஓட்டத் தெரியாதவர்களின் தவறுக்குக் கம்பெனி என்ன செய்யும்?’ என்ற கேள்வி எழும். காலின் பங்கை மேலே நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் ‘ஓட்டுகிற விதம்தான் காரணம்’ என்ற பதில் எப்படிக் கேடயமாக மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்ட ஃபோர்டு ஃபோக்கஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் கார்கள் அதிர்கின்றன என்று புகார்கள் குவிந்தன. வாடிக்கையாளர்கள் ஓட்டும் விதமே காரணம் என்று ஃபோர்டு தரப்பில் பலரிடம் சொல்லி அனுப்பினார்கள். கியர்பாக்ஸில் குறை இருப்பது நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018-இல் ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எது சாதாரண குணம், எது பழுது என்று எழுத்தில் இல்லாதவரை ஒவ்வொரு பழுதையும் ஓட்டுநரின் காலில் கட்டிவிடலாம். கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் நிறுவனத்துக்கும் அது பாதுகாப்புத்தான்: இப்படி ஓட்டியும் குலுங்கினால் அது எங்கள் பொறுப்பு என்று சொல்ல அதற்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும்.

‘இப்போதெல்லாம் கணினியே கற்றுக்கொள்கிறது, நாம் கவலைப்பட வேண்டாம்’ என்பார்கள். கற்றுக்கொள்வது உண்மை. ஆயில் கெடும்போதும் தட்டு தேயும்போதும் கணினி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதுவரை மறைந்திருந்த தேய்மானம் எல்லை தாண்டிய பிறகே குலுக்கலாக வெளிப்படும். அப்போது செலவு பல மடங்கு. பழைய வண்டியில் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற பயம் மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அந்தப் பயம் அனுபவத்திலிருந்து வந்தது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக ஆயில் மாற்ற வந்த வண்டிகள். அந்த அனுபவமும் சீக்கிரம் மாற்று என்றுதான் சொல்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள் என்று கேட்டால், ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்தான். தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுத்தால் படிப்பார்கள்.

அந்த ஒரு பக்கத்தில் இது எந்த வகை கியர்பாக்ஸ், காலை எப்படி வைக்க வேண்டும், சரிவில் எப்படி நிற்க வேண்டும், நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் எத்தனை கிலோமீட்டரில் எந்தப் பெயருள்ள ஆயிலை மாற்ற வேண்டும் என்பவை இருந்தால் போதும். டெஸ்ட் டிரைவை ஆளில்லாத சாலையில் காட்டாமல் மாலை ஆறு மணி நெரிசலில், ஒரு மேம்பாலத்தின் மீது காட்ட வேண்டும். டிரைவிங் ஸ்கூல்களும் மேனுவல் காரோடு ஓர் ஆட்டோமேட்டிக்கையும் வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் நடக்கும்வரை பொறுப்பு நம் கையில். அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, ‘கடினமான சூழல்’ அட்டவணைப்படி கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். பதிலை ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.