பாட்டரியை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

பழையசீவரத்தருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அங்கே நீங்கள் காண்பது மணலைத்தான். அங்கே எஞ்சின் பூட்டிய படகு எதற்கு என்று கேட்பீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அப்படிப்பட்ட நாளுக்குத்தான்!

பல மாதம் சும்மா கிடந்த மீட்புப் படகின் பொத்தானை அழுத்துகிறோம். 'டிக்' என்ற ஒலியோடு சரி. சிறிய அவுட்போர்டு எஞ்சினானால் கயிற்றை இழுத்துக் கிளப்பிவிடலாம். பெரியதில் அது லேசான காரியமல்ல. உடனே எல்லோரும் சொல்வது, "பாட்டரி போச்சு, புதுசு வாங்கு!" இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பேன்.

ஈய-அமில பாட்டரி சும்மா கிடந்தாலே மின்னேற்றத்தை மெல்ல இழக்கும். முழுதும் மின்னேற்றி, சில மணி நேரம் விட்டு அளந்தால் சுமார் 12.6 வோல்ட் இருக்கவேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். சரியாக இருந்தால், எஞ்சினை ஓடவிட்டு அதே முனைகளில் மீண்டும் அளக்கவேண்டும். இப்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்டவேண்டும். 12.4-லேயே நின்றால் மின்னேற்றம் வந்து சேரவில்லை என்று பொருள். புது பாட்டரி வைத்தாலும் அதுவும் வற்றிப்போகும்!

மின்சாரம் எங்கே நின்றுபோயிற்று? எஞ்சினின் சுழல்சக்கரத்தில் காந்தங்கள் உள்ளன. அவை கம்பிச்சுருள்களைச் சுற்றிவரும்போது மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம்தான். டயோடுகள் அதை நேர்திசை ஆக்கி பாட்டரிக்கு அனுப்புகின்றன. இவற்றையெல்லாம் கழற்றுமுன் ஃபியூசையும் முனைகளையும் பாருங்கள். உப்புக்காற்றும் ஈரமும் பட்ட முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். அந்தப் பூப்பே மின்தடை. சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல சமயம் கோளாறு தீர்ந்துவிடும்.

சில வேளை எதிலுமே கோளாறு இராது, கணக்குத்தான் உதைக்கும். 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். வெள்ளத்தில் ஆள் தேடும்போது படகு மெதுவாகத்தான் போகும். அந்த வேகத்தில் எஞ்சின் 2 ஆம்பியர்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 ஆம்பியரை பாட்டரிதானே தரவேண்டும்? பாட்டரி வற்றியதற்கு விளக்குதான் காரணம்!

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. 'எஞ்சின் மின்சாரம் தருகிறதா' என்று சோதிக்க, ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றுவார்கள் சிலர். மின்னழுத்தம் திடீரென எகிறி டயோடுகள் எரிந்துபோகலாம். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளிவரும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

படகு இல்லையே என்று கவலை வேண்டாம். ஆசிரியரிடம் வோல்ட்மீட்டர் கேட்டு வாங்கி, பெரியவர் ஒருவர் துணையுடன் ஊரிலுள்ள டிராக்டர் பாட்டரியை அளந்து பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை. ஓடும் பெல்ட்டின் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள்.