பல் எண்ணிய படலம்

கோரிப்பாளையத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முச்சந்தியில் கால் மணி நேரம் நின்றால் போதும். மதுரை மாநகர் முழுவதும் நம் முன்னே வந்து போய்விடும். தெற்கே, 1889-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாக வைகையைக் கடந்து வருகிறவர்களும், வடக்கே அழகர்கோயில் சாலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் இங்கேதான் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டத்தில் சைக்கிள்காரர்களைக் கவனிப்பது நமக்கு நெடுநாளைய வழக்கம். ஒருவர் மிதிப்பது ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல் இருக்கும்; இன்னொருவருடைய கால்களோ தையல் இயந்திரம்போல் ஓடும். இதெல்லாம் அவரவர் சுபாவம் என்றே எண்ணியிருந்தோம். பெரும்பாலும் அது பற்களின் கணக்கு என்பதைச் சென்ற ஆடி மாதத்தில்தான் அறிந்தோம். அறிந்த விதம் நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

நமது எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சைக்கிளில் வருகிறவள். ஆடி பிறந்ததிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் தாமதம். நாமும் ஆசிரியர் தர்மத்தை வழுவாமல் அவளை வாசலில் நிற்க வைத்தோம்.

“காத்து எதுக்கத் தள்ளுது சார்” என்றாள் ஒருநாள்.

“காற்று உனக்கு மட்டுமா அடிக்கிறது?” என்று கேட்டோம். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மறு வாரம் மாட்டுத்தாவணிப் பக்கம் போயிருந்தபோது அவள் வருவதைக் கண்டோம். தகப்பனாருடைய பழைய 28 அங்குலச் சைக்கிள். பின்னால் கேரியரில் தம்பி. ஹேண்டில்பாரில் இரண்டு பைகள். ஆசனத்தில் உட்கார முடியாமல், ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுவதையும் பெடலின்மேல் போட்டு எழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள். வண்டியை வாங்கி நாமே சிறிது தூரம் மிதித்துப் பார்த்தோம். நூறு கஜம் போவதற்குள் நமது முழங்கால் நமக்குப் பாடம் நடத்திவிட்டது.

அன்று கணக்கு வகுப்பு மைதானத்தில் நடந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பிள்ளைகளைப் பற்களை எண்ணச் சொன்னோம். முன்னே செயின் வீலில் 44. பின்னே பிரீவீலில் 18. 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. அதாவது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 88 அங்குலம். ஆகவே ஒரு மிதிக்கு வண்டி 18 அடி பாய வேண்டும். திடகாத்திரமான ஆண்பிள்ளை, சுமையின்றி, சமதரையில், காற்றில்லாத காலையில் போவதற்கு இது மிகவும் பொருத்தமே. பதின்மூன்று வயதுப் பெண், தம்பியையும் ஏற்றிக்கொண்டு, ஆடிக் காற்றை எதிர்த்து வருவதற்கு அன்று.

பிரீவீலை 22 பல்லாக மாற்றினால் என்ன ஆகும்? விகிதம் சரியாக 2. ஒரு மிதிக்கு 14 அடி 8 அங்குலம். முன்பு 11 பங்கு பலம் வேண்டியிருந்த இடத்தில் இனி 9 பங்கு போதும். அதற்கு விலையும் உண்டு: 8 கிலோமீட்டருக்கு 1,460 சுற்று மிதித்தவள் இனி 1,790 சுற்று மிதிக்க வேண்டும். பலத்தில் குறைந்தது எண்ணிக்கையில் கூடும். இயற்கை யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. ஆனால் 330 சுற்று அதிகமாகச் சுற்றுவதைக் கால் பொறுத்துக்கொள்ளும். மிதிக்கு மிதி அளவுக்கு மீறி அழுத்துவதை முழங்கால் பொறுக்காது.

கிராங்கின் நீளமும் கவனிக்கத் தக்கது. பெரியவர்களுடைய சைக்கிளில் அது சுமார் 170 மில்லிமீட்டர். கால் குட்டையானவர்களுக்கு அவ்வளவு பெரிய வட்டம் ஆகாது. மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். சிறுவர் வண்டிகளில் 152 மில்லிமீட்டர்க் கிராங்கு உண்டு. ஆனால் கிராங்கு ஒரு நெம்புகோல். அதைக் குறைத்தால் மிதி கனக்கும். ஆகையால் கிராங்கைக் குறைக்கிறவர் பின்பற்களைக் கூட்டியே தீரவேண்டும். மேலும் பழைய மாதிரிச் சைக்கிளில் வலது கிராங்கோடு செயின் வீலும் சேர்ந்தே வருமாதலால் செலவும் அதிகம். முதலில் பிரீவீல், பிறகு கிராங்கு என்பதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வரிசை.

கனமான கியரை மிதிப்பதே ஆண்மை என்னும் அபிப்பிராயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதன்று. 1903-இல் தொடங்கிய பிரான்ஸ் தேசச் சுற்றுப் பந்தயத்தில் 1937 வரையில் தொழில்முறை வீரர்கள் கியர் மாற்றும் கருவியை உபயோகிக்க அனுமதியில்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். அதே தேசத்தில் வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட பால் தெ விவி, மலை ஏறுகிறவனுக்குச் சிறு கியர் வேண்டும் என்று தம் பத்திரிகையில் ஓயாமல் வாதாடி வந்தார். கடைசியில் அவர் கட்சியே ஜெயித்தது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தத் துணிவை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆயினும் ஏறியவளின் காலுக்கு ஏற்றபடி வண்டியைத் திருத்திக் கொடுப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.

“பல கியர் வைத்த வண்டி வாங்கிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாமே” என்பார் சிலர். நமது பழைய மாணவர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். சமதரையில் எப்போதும் மிகக் கனமான கியர்; அவருக்கு அதில் ஒரு கம்பீரம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப் புறப்பட்டவர், பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமான பற்கள் கொண்ட கியர் அவருடைய வண்டியிலேயே இருந்தது. அதை அவர் தொட்டதில்லை. கருவி இருந்தும் கர்வம் விடவில்லை!

தமக்கு ஏற்ற கியர் எது என்று அறிய நேயர்கள் ஒரு பரீட்சை செய்யலாம். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான சுமையோடு, ஆசனத்தில் உட்கார்ந்தபடி, வலது கால் ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணுக. 50-க்குக் குறைந்தால் கியர் கனம். பிரீவீலில் இரண்டு அல்லது நான்கு பற்கள் கூட்டுக. 90-ஐத் தாண்டினால் லேசு, பற்களைக் குறைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மூச்சு இரைக்காமல் பேசிக்கொண்டு போக முடிந்தால், வண்டியைத் தொடாமல் விட்டுவிடுக.

அந்த மாணவியின் சைக்கிளை அன்று மாலையே பள்ளிக்கு எதிரிலுள்ள கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பதினெட்டைக் கழற்றி இருபத்திரண்டை மாட்டி, செயினில் இரண்டு கண்ணி கூட்டினார். “ஸ்பீடு கொஞ்சம் கொறையும் சார். ஆனா புள்ள உக்காந்துக்கிட்டே மிதிக்கும்” என்றார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

மறுநாள் அவள் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். வகுப்பின் முன் சிரிக்க வைத்தோமாகையால் வகுப்பின் முன்பே அவளிடம் வருத்தம் தெரிவித்தோம். அவள், “பரவாயில்ல சார், தம்பிதான் கனம்” என்றாள். இந்தத் தடவை அவளும் சிரித்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நேயர்கள் தத்தம் வீட்டுச் சைக்கிளைக் கவிழ்த்துப் பற்களை எண்ணிப் பார்ப்பார்களாக. யார் மிதிக்கிறார்களோ அவர்களையும் அருகில் அழைத்துக் கேட்பது அவசியம்.