காலாணி என்று சொல்லி அனுப்பாதீர்கள்

டோல்கேட் கூட்டத்தில் நீங்கள் மைக்கில் சொன்னது இது: "மெலனோமா வெள்ளைக்காரங்க நோய். அதுக்கு செல் சிகிச்சையாம், முன்னாடி பின்னாடி ஸ்கேனாம். எல்லாம் காசு பிடுங்குற வேலை." கை தட்டினார்கள். தட்டியவர்களில் ஒருவருக்கு நாளை உள்ளங்காலில் கறுப்புத் திட்டு வந்தால், உங்களை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு, உண்மை. ஆனால் வரும்போது வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. காசிமேட்டில் வலை இழுப்பவர் அதைக் காலாணி என்று பிளேடால் சீவுவார், கார்ன் கேப் ஒட்டுவார். தொடையிடுக்கில் நெறி கட்டும்போது நோய் நுரையீரலைத் தொட்டிருக்கலாம். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி, கால் கட்டைவிரலில் தொடங்கிய இதே நோயால் 1981இல் 36 வயதில் இறந்தார்.

அடுத்து ஸ்கேன். இங்கேதான் உங்கள் அறியாமை ஆபத்தானது. நீங்கள் சொன்ன அந்தச் செல் சிகிச்சையின் பெயர் டிஐஎல். அதில் ஒரு கட்டியை வெட்டியெடுத்து, அதற்குள் புகுந்திருக்கும் நிணநீர் அணுக்களைப் பிரித்து, பல நூறு கோடியாகப் பெருக்கி, திரும்ப ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். எந்தக் கட்டியைப் பத்திரமாக வெட்டலாம்? சி.டி. சொல்லும். மூளைக்குப் பரவிவிட்டதா? எம்.ஆர்.ஐ. சொல்லும். இதைப் பார்க்காமல் கத்தி எடுக்கச் சொல்கிறீர்களா?

'பின்னாடி ஸ்கேன்' என்று இளக்காரமாகச் சொன்னீர்களே, அது இன்னும் முக்கியம். நோயெதிர்ப்புச் சிகிச்சையில் சிலருக்கு அணுக்கள் திரண்டு கட்டி முதலில் பெருத்துத் தெரியும், பிறகு சுருங்கும். ஒரே படத்தை நம்பினால், வேலை செய்துகொண்டிருக்கும் சிகிச்சையை டாக்டரே நிறுத்திவிடுவார். அதனால்தான் 4 முதல் 8 வாரம் கழித்து மறுபடி படமெடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று 2017இல் நெறிமுறை வகுத்தார்கள். ஏற்றிய அணுக்கள் கட்டிக்குப் போய்ச் சேர்கின்றனவா என்பதை இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை அவற்றில் ஏற்றி 1989இலேயே படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 168 மெலனோமா நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நோய் முற்றாமல் நின்ற இடைநிலைக் காலம் டிஐஎல் பெற்றவர்களுக்கு 7.2 மாதம், இபிலிமுமாப் மருந்து பெற்றவர்களுக்கு 3.1 மாதம். அந்த மாதங்களைக் கணக்கிட்டதே ஸ்கேன்களை வைத்துத்தான்.

விலை பற்றிய உங்கள் கோபம் நியாயம். 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த லிஃபிலூசெல் என்ற டிஐஎல் சிகிச்சையின் அறிமுக விலை 5,15,000 டாலர். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. அது ரத்தப் புற்றுநோய்க்கானது. தோலுக்கும் அப்படி ஒன்று வேண்டும், அரசு மருத்துவமனையில் வேண்டும் என்று கேட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். நீங்களோ, வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள்.

அதே இடத்தில், அதே மைக்கில், ஆறாத கறுப்புத் திட்டு இருப்பவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காலைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.