தீமையின் ஊற்று எங்கே?

'ஜுஜுட்சு கைசென்' (2020) என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரைப் பேய்க்கதை என்பதற்காகவே வெறுத்தொதுக்குவோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படேன். மனிதரின் அச்சமும் பகையும் கசிந்தே அங்குச் சாபப் பிசாசுகள் பிறக்கின்றன. தீயவை உள்ளத்தினின்றே வெளிவருகின்றன என்னும் மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தின் போதனைக்கு இஃது அயலன்று.

என் மறுப்பு வேறு. தோழரைக் காக்க, சுக்குனா என்னும் கொடியோனின் விரலை விழுங்குகிறான் இளைஞன் யூஜி. சாபங்களோடு பொருதும் மந்திரவாதியரும் அதே அச்சமும் பகையும் தரும் ஆற்றலையே கருவியாக்குகின்றனர். தீமைக்குத் தீமையே மருந்தாகுமோ? கல்வாரியில் இயேசு பகைவரைச் சபிக்கவில்லை, மன்னித்தார்.

தொடரைத் தடுக்கும் பெற்றோரே, நம் இல்லங்களில் ஆண்டுக்கணக்காய் வளரும் பங்காளிப் பகையைத் தடுத்தோமா? குழந்தைகள் நாள்தோறும் காண்பது அதையன்றோ!