எய்தவனை விடுங்க, அம்பை நோவுங்க!

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று ஒரு பழமொழி. ஊர் வம்புக்கு அது நியாயமான பழமொழிதான். ஆனால் காம்பவுண்ட் வில் பழகுகிற இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே நிறைய பேரை விளையாட்டை விட்டே ஓட வைத்திருக்கிறார்கள். அம்பு கோணலாகப் போனால் குற்றம் எய்தவன் மேல்தான். கவனம் பத்தலை, மனசு அலைபாயுது, தோள் தூக்குது, போ, இன்னும் நூறு அம்பு விடு. அதற்கு மேல் யாராவது முனகினால் இருக்கவே இருக்கிறது அடுத்த பழமொழி: "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்". முடிந்தது கதை. இதற்கப்புறம் எந்தப் பையன் "சார், ரெஸ்ட் ஆடுது" என்று வாய் திறப்பான்?

என் கட்சி என்னவென்றால், முதலில் தெருவை அளந்து பாருங்கள். காம்பவுண்ட் வில்லைப் பொறுத்தவரை பாதி நாள் தெரு கோணலாகத்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம் (தெரிந்தவர்கள் தாண்டிவிடலாம்). ஒலிம்பிக்கில் இதுவரை நாம் பார்த்தது ரிகர்வ் வில். நுனி வளைந்து, விரலால் நாணை இழுத்து விடுவது. காம்பவுண்ட் என்பது இரண்டு முனையிலும் கப்பி போல 'கேம்' சுழலும் வில். நாண் தவிர கேபிள்கள் தனி. இழுக்கும்போது நடுவில் முழு எடையும் வரும், கடைசியில் கேம் திரும்பியதும் ஏறக்குறைய கால்வாசி எடையைத்தான் கை தாங்கும். விரலுக்குப் பதில் 'ரிலீஸ்' என்ற கொக்கி. அமெரிக்காவில் ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்கு 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் வாங்கினார். வில் முழுக்க ஆலன் கீ போடும் திருகுகள்தான். ஆனால் அந்த ஆலன் வேறு, இந்த ஆலன் வேறு!

அதாவது இது ஒரு இயந்திரம். இயந்திரத்தை செட்டிங் செய்யாமல் ஓட்டுகிறவனை அடிக்கிற வழக்கம் நம்ம பக்கத்தில் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? காசிமேட்டில் விசைப்படகு அதிர்கிறது என்றால் முதலில் இஞ்சினுக்கும் புரொபெல்லர் ஷாஃப்டுக்கும் நேர்கோடு இருக்கிறதா என்றுதான் மெக்கானிக் பார்ப்பார். படகு ஓட்டுகிறவரைப் பார்த்து "உனக்கு தியானம் பத்தலை" என்று சொல்ல மாட்டார். ராயபுரம் தெருவில் கேரம் போர்டு போட்டால்கூட முதல் வேலை நாலு மூலையும் மட்டமா என்று பார்த்து, அட்டை மடித்து முட்டுக் கொடுத்து, போரிக் பவுடர் தூவுவது. அதற்குப் பிறகுதான் எவன் நல்லா ஆடுறான் என்ற பேச்சு. திருவொற்றியூரில் புல்லட்டும் எண்ணூரில் லாரியும் செய்து வளர்ந்த ஊர் இது. டயல் கேஜ், ஷிம், வெர்னியர் எல்லாம் இங்கே பாதி வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் போய் "மனசை அடக்கு" என்றால் எப்படி?

ஏன் இப்படி ஆனது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. வடசென்னையின் விளையாட்டு அறிவு குத்துச்சண்டையிலிருந்தும் ஃபுட்பாலிலிருந்தும் வந்தது. அங்கே வியர்வைதான் மருந்து. அதை அப்படியே வில்லுக்கும் ஒட்டிவிட்டார்கள். கூடவே மகாபாரதம். துரோணர் கேட்க, "பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது" என்று அர்ஜுனன் சொன்ன கதையைச் சொல்லாத கோச் உண்டா? அர்ஜுனன் வில்லுக்கு நாண் கட்டியது யார், அம்பை நேர் பார்த்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். காம்பவுண்ட் போட்டி 50 மீட்டர் தூரத்தில். பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ., அதாவது நடுவிலிருந்து 4 செ.மீ. அம்பின் நீளம் 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த நீளத்துக்கு அரை மில்லிமீட்டர் திசை மாறினாலே 50 மீட்டரில் பத்து வட்டத்தின் ஓரத்துக்கு வந்துவிடும். அரை மி.மீ.! அம்பு உட்காரும் ரெஸ்ட் ஒரு திருகில் நிற்கிறது. அந்தத் திருகு இளகினால் போகிற தூரம் இதைவிட அதிகம்.

இங்கே ஒரு புத்திசாலி, "அதுக்குத்தானே சைட் இருக்கு, திருப்பிட்டா போச்சு" என்பார். இந்தப் பதில்தான் ஆபத்தானது. எப்போதும் ஒரே அளவு இடதுபக்கம் போகிற அம்பை சைட் திருத்தும், உண்மை. ஆனால் ரெஸ்ட் தப்பான இடத்தில் இருந்தால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. பின்னால் இருக்கும் சிறகு அதைப் பிடித்து நேராக்கப் பார்க்கும், அதில் வேகம் குறையும், காற்று அடித்தால் இன்னும் விலகும். 18 மீட்டரில் எல்லாம் அழகாகக் கொத்தாக விழும். 50 மீட்டருக்குப் போனதும் கொத்து சிதறும். மதியத்துக்கு மேல் நம்ம கடல்காற்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்போதுதான் கோச் சொல்வார்: "தூரம் போனதும் பயந்துட்டான்."

வடசென்னையில் ஒரு பயிற்சி இடம், பெயர் வேண்டாம். பத்தாவது படித்த ஒரு பெண் அங்கே நாலு மாதம் இந்தப் பாட்டைக் கேட்டாள். ஒரே வில், நாலு பேர் பங்கு. காம்பவுண்டில் இழுப்பு நீளம் கேமிலேயே செட் செய்யப்பட்டது. ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும், வில் மாறாது. அவளுக்கு அது ஒரு அங்குலம் அதிகம். அதோடு ரெஸ்டின் பிளேடு லேசாக உப்புக்காற்றில் துருவேறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் அம்பு மட்டும் சிதறியது. அவளுக்குக் கிடைத்த பட்டம் 'கவனச் சிதறல்'. கடைசியில் பரீட்சையைக் காரணம் சொல்லி நின்றுவிட்டாள். அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை. நூறில் ஒரு பங்கு மி.மீ. பார்த்து வேலை செய்கிற மனிதர். நாலு மாதத்தில் ஒரு நாள்கூட அந்த வில்லை யாரும் அவரிடம் காட்டவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இத்தனைக்கும் டியூனிங் என்பது பரம ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் வில்லை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியவை. அம்பை நாணில் மாட்டினால் நாணுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில், ரெஸ்ட் மாட்டும் துளையை ஒட்டிப் போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் நாண் போகும் தளத்திலேயே அம்பும் போக வேண்டும். கம்பெனி கையேட்டில் ரைசரிலிருந்து எத்தனை தூரம் என்று போட்டிருக்கும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். முழு இழுப்பில் மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நேரத்தில் போய் நிற்கிறதா என்று இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். (கேபிளை முறுக்குவது, நாண் மாற்றுவது எல்லாம் பிரஸ் இருக்கிற இடத்தில் மட்டும். வீட்டில் கை வைத்தால் வில்லும் போகும், கண்ணும் போகும்.)

அடுத்தது உரசல். ரெஸ்டில் இரண்டு வகை அதிகம்: அம்பு கிளம்பியதும் கீழே விழுந்துவிடும் டிராப்-அவே, நாக்கு நுனி போலப் பிளந்த ஸ்பிரிங் தகடு வைத்த பிளேடு. பிளேடின் தடிமன் கால் மி.மீ. சுமாருக்குத்தான். அம்புக்கு மெலிந்த பிளேடு என்றால் தொய்யும், தடித்தது என்றால் அம்பைத் துள்ள வைக்கும். சிறகு எங்கேயாவது தட்டுகிறதா என்று பார்க்க அம்பின் பின்பக்கம் முகத்துக்குப் போடும் பவுடரை அப்பி ஒரு அம்பு விட்டால் போதும். பவுடர் அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். இதைப் பார்க்காமல் மற்ற எந்தச் சோதனை செய்தாலும் அது பொய்தான் சொல்லும்.

பிறகு காகிதம். ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் ஊடாக அம்பு விடுவது. பின்னால் அம்பைப் பிடிக்க டார்கெட், நடுவே அம்பு முழுசாகக் கடந்துபோக இடம். நேராகப் போனால் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி மூன்று சிறகுக் கீறல். வால் மேலே கிழித்திருந்தால் நாணில் அம்பு மாட்டும் இடம் உயரம், அல்லது ரெஸ்ட் தாழ்வு. பக்கவாட்டில் கிழித்தால் ரெஸ்டை அரை மி.மீ. நகர்த்து, கிழிசல் குறைகிறதா கூடுகிறதா பார். கூடினால் எதிர்ப்பக்கம் போ. எத்தனை நகர்த்தியும் அசையவில்லை என்றால் பிரச்சினை கேம் சாய்வில் இருக்கலாம், பிடியை முறுக்கிப் பிடிக்கும் கையில் இருக்கலாம், அம்பின் விறைப்பிலும் இருக்கலாம். விறைப்புக்கு 'ஸ்பைன்' எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் சுமார் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதே அது. அரை அங்குலம் வளைந்தால் 500. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். கிடங்கில் கிடந்த ஏதோ ஒரு அம்பை எடுத்து எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பது, எல்லோருக்கும் ஒரே பவர் கண்ணாடி மாட்டுவது மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிச் சோதனை, ஏனென்றால் கொத்தனார் சாமான் போதும். டார்கெட்டில் ஒரு தூக்குகுண்டு நூலைத் தொங்கவிட்டு, மேலே ஒரு புள்ளி வைத்து, 20 மீட்டருக்கு சைட் செட் செய்து அதே புள்ளிக்கு 20, 30, 40 மீட்டரிலிருந்து விட வேண்டும். அம்புகள் தூரத்துக்கு ஏற்ப கீழே கீழே இறங்கும். நூலோடு இறங்கினால் நல்லது. போகப் போக இடப்பக்கம் சரிந்தால் ரெஸ்டை இம்மி வலப்பக்கம் நகர்த்த வேண்டும். சைட்டில் இருக்கும் ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"கத்துக்குட்டிக்கு இதெல்லாம் எதுக்கு? மூன்று அம்பு ஒரு இடத்தில் விழாதவனுக்கு டியூனிங்கா?" என்று கேட்பீர்கள். பாதி சரி. காகிதமும் நூலும் ஒரே மாதிரி விடத் தெரிந்தவனுக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஆனால் இழுப்பு நீளம், 90 டிகிரி, கேம், உரசல், திருகு? இவற்றுக்கு எய்யவே தெரிய வேண்டாம், முதல் நாளே பார்க்கலாம். அதைச் செய்யாமல் ஆறு மாதம் எய்ய வைத்தால், அந்தக் கோணலுக்கு ஏற்ப உடம்பை வளைக்கத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். பிறகு அந்த உடம்பைத் திருத்த ஒரு வருஷம்.

"பணக்காரப் பசங்க வேலை இது" என்பது இன்னொரு பேச்சு. வில் விலை அதிகம்தான், முழு செட் லட்சத்தைத் தாண்டும். அதனால்தான் சொல்கிறேன், புதுசு வாங்க முடியாதவனுக்குத்தான் இருப்பதை நேராக்குவது அவசியம். காகிதம், பவுடர், நூல், ஒரு செட் ஆலன் கீ. இதில் எது பணக்காரச் சாமான்?

உடம்புக்கு ஏற்ப கருவி என்பதற்குப் பெரிய சாட்சி வேண்டுமென்றால் ஷீத்தல் தேவியைப் பாருங்கள். இரண்டு கையும் இல்லாமல் பிறந்தவர். காலால் காம்பவுண்ட் வில்லைப் பிடித்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு கலப்பு அணி வெண்கலம், 2025 உலகப் போட்டியில் தனிநபர் தங்கம். அவர் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் உடம்புக்கு ஏற்றபடி ரிலீஸையும் பிடியையும் உட்கார்ந்து யோசித்துச் செய்தவர்கள் இல்லாமல் அந்த உழைப்பு எங்கே போய் நின்றிருக்கும்?

2023-ல் பெர்லின் உலகப் போட்டியில் ஓஜஸ் தேவ்தலே இறுதிச் சுற்றில் 150-க்கு 150 எடுத்துத் தங்கம் வென்றார். 17 வயது அதிதி சுவாமியும் தங்கம். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டில் இருந்த ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே. அதில் மூன்றில் பங்கு ஜோதி சுரேகாவுக்கு. அவர் ஊர் விஜயவாடா. திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி வடக்கே போகிற அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது, ஒரு ராத்திரிப் பயணம்கூட ஆகாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதல் முறையாகக் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது. இப்போது போய் "கவனம் பத்தலை" என்று பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தால்...

கோச்சுகளிடம் நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு பக்கம்: இழுப்பு நீளம், எடை, ரெஸ்ட் ரைசரிலிருந்து எத்தனை மி.மீ., நாணில் அம்பு மாட்டும் இடம் எவ்வளவு உயரம், யார் யார் எய்கிறார்கள், அம்பின் ஸ்பைன், கடைசியாகப் பார்த்த தேதி. வெயிலில் நாண் இளகியதா, திருகு நகர்ந்ததா என்று அதை வைத்து இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பெற்றோரில் யாராவது ஃபிட்டரோ டர்னரோ இருந்தால் அவரிடமே அந்த நோட்டைக் கொடுத்துப் பாருங்கள், உங்களைவிட ஒழுங்காக எழுதி வைப்பார் :-)