சுணைப்புழுவைக் கொல்லலாமோ?

வீட்டிற் கடல்நீர்த் தொட்டி வைத்து மீன் வளர்ப்போரிடத்து ஒரு வழக்கமுண்டு. கல்லிடுக்கினின்று செந்நிறப் புழுவொன்று தலைநீட்டக் கண்ட அளவிலே, அதனைக் கொல்லத் துணிவதே அது. இஃது ஆராயாது செய்வதென்பதும், பெரும்பாலும் தீங்கே பயப்பதென்பதும் என் துணிபு.

இப்புழுவின் உடல் பல கண்டங்களாக அமைந்தது. கண்டந்தோறும் இருமருங்கும் வெண்மயிர்க் கற்றைகள் உள. நம் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியை நினைந்துகொள்க. தொட்டால் அச்சுணை தோலிற் பாய்ந்து முறிந்து எரிச்சலும் வீக்கமும் தரும். ஒட்டுநாடாவை அழுத்தி இழுப்பின் பெரும்பகுதி கழன்றுவிடும், தேய்த்தல் கேடு. இதனை யான் விரல் வீங்கிக் கற்றேன். மண்புழுவிற்கும் அட்டைக்கும் உறவான இவ்வினத்தில் பதினாயிரத்திற்கு மேற்பட்ட வகைகள் உள. வீட்டுத் தொட்டிகளிற் காணப்படுவனவற்றுட் பெரும்பாலன, மீன் தின்னாது விட்ட இரையையும் இறந்த உயிரின் உடலையும், நம் கை புகாத இடுக்கிலும் புகுந்து, இரவிலே உண்டு தீர்ப்பன. இவை இல்லாவிடின் அவ்வெச்சமெல்லாம் ஆங்கே கிடந்து அழுகும்.

சென்ற ஆண்டு என் தமையனாரது தொட்டியில் இவை பெருகின. ஒருநாட் காலை, இறந்த மீனொன்றை ஐந்தாறு புழுக்கள் மொய்த்திருக்கக் கண்டு, கொன்றவை அவையே என்று தீர்ப்பிட்டார். பிணத்தருகே நின்றவனைக் கொலைஞன் என்றாற் போன்ற தீர்ப்பு! யானும் மறுத்தேனல்லேன். இருவருமாய் நீரிற் புழுக்கொல்லி மருந்தொன்றை வார்த்தோம். புழுக்கள் கல்லினுள்ளேயே மடிந்தன. மூன்றாம் நாள் நீர் கலங்கி நாற்றம் எழுந்தது. அழுகலிற் பிறந்த அமோனியா, எஞ்சியிருந்த மீன்களுள் நான்கைக் கொண்டுபோயிற்று. புழு செய்யாத கொலையை யாம் செய்து முடித்தோம்.

புழு பெருகுவது இரை பெருகுவதனாலன்றோ? யாமோ நாளொன்றுக்கு மும்முறை இரை தூவினோம். இப்பொழுது மீன்கள் இரண்டொரு நிமிடத்தில் தின்று தீர்க்குமளவே இடுகிறோம்; அடியிற் படியும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறோம். மருந்துக்குத் தப்பியவற்றின் வழிவந்த புழுக்கள் உளவேனும், முன்போற் பெருகவில்லை. மிகுதியாயின், சிறு குழாயினுள் இறாத் துண்டு வைத்து இரவில் இட்டு, விடியுமுன் எடுத்தாற் போதும்.

தீயனவே இல்லையென்பேனல்லேன். அத்திலாந்திக் கடலின் நெருப்புப் புழு உயிருள்ள பவளத்தையே தின்னும். 2009-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் நியூக்கீ என்னும் ஊர்க் காட்சிச்சாலையில், பவளங்கள் சிதைவுறுவதன் காரணம் அறியாது திகைத்து, தொட்டியைப் பிரித்துப் பார்த்தபொழுது நான்கடி நீளமுள்ள புழுவொன்று அகப்பட்டது. தமையனார் இன்றளவும் இதனையே எடுத்துக்காட்டி வாதிடுவர். யான் கூறும் விடை ஒன்றே: அவர்கள் கற்களை அகற்றிக் குற்றவாளியைத் தேடிக் கண்டனர். யாமோ தேடவுமில்லை; அது யாதென அறியவுமில்லை. செவ்விளக்கேற்றி இரண்டிரவு நோக்கியிருப்பின், அது கடிப்பது உயிருள்ளதையோ செத்ததையோ என்பது விளங்கியிருக்கும்.

இடப்புறக் கல்லின் கீழ், ஒரு சாண் நீளமுள்ள புழுவொன்று இப்பொழுதும் வாழ்கின்றது. தமையனார் அதனை அறிவர். தொட்டியின் அருகே இடுக்கியொன்றையும் எடுத்து வைத்திருக்கின்றார். இதுகாறும் அதனைத் தொட்டாரல்லர்.